பெருங்குடல் வரை போகும் உணவு

உண்ட உணவின் பெரும்பகுதி சிறுகுடலிலேயே உடைந்து இரத்தத்தோடு கலந்துவிடுகிறது. அங்கு உடையாமல் தப்பிப் பெருங்குடலைச் சென்றடையும் சிறு பங்கே அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது. குடல் அழற்சிக்கும் உணவுக்கும் உள்ள உறவு பெரிதும் இந்தச் சிறு பங்கின் அளவையும் தன்மையையும் பொறுத்தது என்பதால், ஒருவர் வயிறாரச் சாப்பிட்டாரா என்று கேட்பதோடு நில்லாமல், சாப்பிட்டதில் எவ்வளவு பெருங்குடல் வரை போனது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. இலங்கை மலையகத்தின் நானுஓயா, ரதல்ல, தலவாக்கலை, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும், பகலில் சோறும் ஒரு கறியும், இடையிடையே சீனி போட்ட தேத்தண்ணியும் என்று ஓடும் ஒரு நாளை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால், வயிறு நிறைந்தும் பெருங்குடல் பட்டினி கிடப்பது தெரியவரும்.

எந்த அழற்சி?

அழற்சி என்பது, கிருமியோ காயமோ ஏற்பட்ட இடத்துக்கு உடல் தன் வெள்ளணுக்களையும் வேதிப்பொருட்களையும் அனுப்பிப் போராடும்போது அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடேறி நோவதைக் குறிக்கும். கையில் பட்ட முள் எடுபட்டதும் இந்தப் போராட்டம் அடங்கிவிடுவது போலக் குடலிலும் அடங்கிவிட்டால் கவலையில்லை; அடங்க வேண்டிய வேளையில் அடங்காமல் மாதக்கணக்கில் தொடர்வதே நோயாகிறது.

மலையகத்தில் இது மூன்று வடிவங்களில் காணப்படுவதால், அவற்றைப் பிரித்தறியாமல் உணவைப் பற்றிப் பேசுவது பயன்தராது. முதலாவது, எல்லோரும் அறிந்த வயிற்றுளைவு: கெட்ட நீராலோ உணவாலோ கிருமி புகுந்து, காய்ச்சலோடும் சில வேளை இரத்தம் சளியோடும் வந்து, உரிய மருத்துவத்தால் சில நாட்களில் தீர்வது. இரண்டாவது, வயிற்றுவலியோ வயிற்றோட்டமோ இல்லாமல் சிறுகுடலில் ஓசையின்றி நடப்பது. சுத்தமற்ற சூழலில் வளரும் பிள்ளைகள் மலக்கிருமிகளை நாள்தோறும் சிறிது சிறிதாக விழுங்குவதால் குடலின் உட்புறத்தில் விரல் போல் நீண்டிருக்கும் உறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கி, உண்ட சத்து உடலில் சேராமல் போகிறது. மூன்றாவது, பெருங்குடற் புண்ணழற்சி, குரோன் நோய் என்னும் இரண்டையும் உள்ளடக்கிய நீடித்த குடல் அழற்சி நோய். இதில் உடலின் காவற்படையே தன் குடலையும் அதில் வாழும் நுண்ணுயிர்களையும் பகையாகக் கருதித் தாக்குகிறது. 1932இல் நியூயோர்க் மவுண்ட் சினாய் வைத்தியசாலையின் பரில் குரோனும் அவருடைய சகாக்களும் விவரித்த நோய்க்கே அவர் பெயர் நிலைத்தது.

மூன்றாவது வகை மேல்நாட்டுக்கே உரியது என்று நெடுங்காலம் கருதப்பட்டுவந்த போதிலும், கொழும்பு, கம்பஹா மாவட்ட வைத்தியசாலைகளில் நடத்தப்பட்டு 2010இல் வெளிவந்த ஆய்வு, ஓர் இலட்சம் பேருக்கு 5.3 பேர் வீதம் பெருங்குடற் புண்ணழற்சியும் 1.2 பேர் வீதம் குரோன் நோயும் உடையவர்கள் எனக் கண்டது. இது சிறிய எண்ணே. ஆயினும் பஞ்சாபின் லூதியானாவில் 2003இல் வெளிவந்த கணக்கெடுப்பு புண்ணழற்சி மட்டுமே இலட்சத்துக்கு 44.3 எனக் காட்டியதையும், இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குடியேறிய தெற்காசியரிடம் இந்நோய் அந்நாட்டவரை விடக் கூடுதலாகக் காணப்பட்டதையும் சேர்த்துப் பார்த்தால், இது இன்ன இனத்தாருக்கு வராத நோய் என்று சொல்ல இடமில்லை. இடமும் உணவும் மாறும்போது ஓரிரு தலைமுறைக்குள் நோயும் மாறுகிறது.

பெருங்குடலின் குடியிருப்பாளர்கள்

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் இருப்பதாகவும், அவற்றின் மொத்த எடை கால் கிலோவுக்கும் குறைவு எனவும் 2016இல் வெளிவந்த ஒரு கணக்கு கூறுகிறது. இவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்பவை. மனித உடலால் உடைக்க முடியாத நார்ப்பொருளையும், சிறுகுடலில் செரிக்காமல் தப்பும் எதிர்ப்பு மாப்பொருளையும் இவை நொதிக்கச் செய்து, குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்கள் எனப்படும் சிறு மூலக்கூறுகளை வெளிவிடுகின்றன. அசற்றேற்று, புரோப்பியோனேற்று, பியூட்டிரேற்று ஆகிய மூன்றே இவற்றில் முதன்மையானவை. மூன்றிலும் அழற்சியோடு நெருங்கிய தொடர்புடையது பியூட்டிரேற்று.

பெருங்குடலின் உட்சுவர்க் கலங்கள் தமக்கு வேண்டிய சக்தியில் ஏறத்தாழ 70 வீதத்தை இந்தப் பியூட்டிரேற்றிலிருந்தே பெறுகின்றன என்று வில்லியம் ரோடிகர் 1980இல் காட்டியதோடு, புண்ணழற்சி என்பதே அக்கலங்களின் சக்திப் பட்டினியாக இருக்கலாமோ என்ற கேள்வியையும் எழுப்பினார். அந்தக் கேள்விக்குப் பின்வந்த ஆய்வுகள் தந்த விடை சற்றுச் சிக்கலானது. கலங்கள் பியூட்டிரேற்றை எரிக்கும்போது ஒட்சிசனைச் செலவழிக்கின்றன; அதனால் பெருங்குடலின் உட்பகுதி ஒட்சிசன் அற்றதாக, நன்மை செய்யும் பற்றீரியாக்களுக்கு ஏற்றதாக இருக்கிறது. பியூட்டிரேற்று குறையும்போது ஒட்சிசன் உள்ளே கசிந்து, அதைப் பயன்படுத்திப் பெருகவல்ல ஈ.கோலி போன்ற வகைகள் தலையெடுக்கின்றன. அழற்சியைத் தணிக்கும் ஒழுங்காற்று வெள்ளணுக்கள் உருவாகவும் பியூட்டிரேற்று துணைபுரிகிறது என்று 2013இல் வெவ்வேறு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே அறிவித்தன. பியூட்டிரேற்றை உண்டாக்கும் ஃபீக்கலிபாக்டீரியம் பிராஸ்னிட்சி என்னும் பற்றீரியா குறைந்திருந்த குரோன் நோயாளரிடம், அறுவைச் சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பும் வாய்ப்புக் கூடியிருந்ததை 2008இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டனர். எனினும், நோயால் அந்தப் பற்றீரியா குறைந்ததா, அது குறைந்ததால் நோய் வந்ததா என்பதை இவ்வகை ஒப்பீடு ஒன்றே தீர்த்துவிடாது என்பதை வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும்.

பியூட்டிரேற்றின் அமில வடிவமான பியூட்டிரிக் அமிலம் முதன்முதலில் வெண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதாலேயே அந்தப் பெயர் பெற்றது என்பதைப் பிடித்துக்கொண்டு, நெய் குடித்தால் குடற்புண் ஆறும் என்று சிலர் எழுதியும் பேசியும் வருகின்றனர். நெய்யில் உள்ள சிறிதளவு பியூட்டிரேற்று சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால், பெருங்குடலுக்கு அதனால் கிடைப்பது சொற்பமே; அங்கு வேண்டியது அங்கேயே தயாராக வேண்டும்.

நார் கிடைக்காத பற்றீரியாக்கள் சும்மா இருப்பதில்லை. குடற்சுவரைக் காக்கும் வழுவழுப்பான சளிப்படலமும் ஒருவகைச் சர்க்கரைத் தொடர்களால் ஆனது என்பதால், பசித்த பற்றீரியாக்கள் அதையே அரித்துத் தின்னத் தொடங்குகின்றன. 2016இல் வெளிவந்த எலிச் சோதனையில், நாரற்ற உணவு கொடுக்கப்பட்ட எலிகளின் சளிப்படலம் மெலிந்து, நோய்க்கிருமி எளிதாகச் சுவரை எட்டிக் கடும் அழற்சியை உண்டாக்கியது. கூரைக்கு வேய்ந்த புல்லை மாடு தின்பது போன்ற நிலை இது. மாட்டை விரட்டுவதை விட அதற்குப் புல் போடுவதே அறிவுடைமை.

கோதுமை மா வந்த வழி

1885இல் நானுஓயாவை எட்டிய ரயில் பாதை தேயிலையைக் கீழே இறக்கியதோடு தோட்டங்களுக்கு வேண்டிய அரிசியை மேலே ஏற்றியும் வந்தது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்தில் நெல் விளையாது என்பதால், தோட்ட மக்களின் பிரதான உணவு என்றுமே பிறர் அனுப்பி வருவதாகவே இருந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டின்போது கோதுமை மா பங்கீட்டு உணவாகப் பரவி, பின்னர் மலிவாலும் சமைக்க எளிதாக இருந்ததாலும் நிலைபெற்றது. விடியற்காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) ஓட வேண்டிய ஒருத்தி கல்லில் இரண்டு ரொட்டி சுட்டு, பிள்ளைக்கு ஒன்று கொடுத்து, தனக்கு ஒன்றைச் சுற்றிக்கொண்டு மலைக்குப் போக முடியும். சோறும் கறியும் ஆக்க அவளுக்கு நேரம் ஏது? ரொட்டியைப் பழிக்கும் உணவு அறிவுரைகள் இந்த நேரக் கணக்கை மறந்துவிடுவதாலேயே தோட்டங்களில் எடுபடுவதில்லை.

ஆனால் 100 கிராம் வெள்ளை மாவில் நார் ஏறத்தாழ 3 கிராம் மட்டுமே. தவிடு நீக்காத கோதுமையிலோ அது 10 கிராமுக்கு மேல். வளர்ந்தவர் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார் உண்ண வேண்டும் என்று உலகச் சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் நிலையில், ரொட்டி, வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்குக் கறி, சீனித் தேத்தண்ணி ஆகியவற்றால் ஆன ஒரு நாள் அதன் பாதியை எட்டுவதே அரிது. இதில் வேடிக்கையும் வேதனையும் கலந்திருக்கிறது: நார் நிறைந்த லீக்ஸும் கரட்டும் கோவாவும் போஞ்சியும் இந்த மலைகளிலேயே விளைந்து, இரவோடிரவாக லொறிகளில் கொழும்புக்கும் தம்புள்ளைக்கும் இறங்கிவிடுகின்றன.

பீலித் தண்ணீரும் பிள்ளைகளின் உயரமும்

2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருக்க, தோட்டத்துறையில் அது 31.7 வீதமாக இருந்தது. உணவின் போதாமையே இதன் முதற்காரணம் எனினும், முன்னர் சொன்ன ஓசையற்ற சிறுகுடல் அழற்சிக்கும் இதில் பங்குண்டு என்று கருதப்படுகிறது. 1960களிலும் 70களிலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், வி. ஐ. மாத்தன் முதலியோர், நோயற்றவர்களாகத் தோன்றிய தென்னிந்தியக் கிராமத்தவரின் சிறுகுடலிலும் உறிஞ்சிகள் மழுங்கியிருந்ததை ஆராய்ந்தனர். அதே காலத்தில் பாகிஸ்தானில் தங்கிப் பணியாற்றிய அமெரிக்கச் சமாதானப் படைத் தொண்டர்களின் குடலிலும் இதே மாற்றம் காணப்பட்டு, அவர்கள் நாடு திரும்பிய பின் படிப்படியாகச் சரியானது. பிறப்பல்ல, சூழலே காரணம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆகவே, சிறு பிள்ளையின் தட்டில் எதை வைப்பது என்பதற்கு முன்னதாகவே, ஊற்றுநீரைக் கொண்டுவரும் பீலியிலிருந்து வரும் நீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுப்பதும், கழிப்பிடத்துக்குப் போய்வந்த கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவதும், குடற்புழுவுக்கான பூச்சி மருந்தைச் சுகாதாரப் பணியாளர் சொல்லும் முறைப்படி கொடுப்பதும் நிற்கின்றன. வல்லாரைச் சம்பல் போன்ற பச்சைக் கீரைகளைக் கொதித்தாறிய நீரில் அலசியே அரைக்க வேண்டும்; ஐயமிருந்தால் சுண்டலாக வதக்கிக்கொள்வது நல்லது. சத்துமாவான திரிபோஷ கிடைக்கும் வீடுகளில் அது அந்தப் பிள்ளைக்கே போய்ச் சேர வேண்டும். வீட்டார் அனைவரும் பகிர்ந்துகொள்வது வழக்கமாக இருந்தாலும், அவ்வழக்கில் அதிகம் இழப்பது அந்தப் பிள்ளைதான்.

தட்டில் செய்யக்கூடிய மாற்றங்கள்

ரொட்டியை நிறுத்த வேண்டியதில்லை. அதன் மாவை மாற்றினால் போதும். கோதுமை மாவில் மூன்றில் ஒரு பங்கைக் குரக்கன் மாவாக மாற்றிச் சூடுநீர் விட்டுப் பிசைந்தால் ரொட்டி விரியாமல் வரும். 100 கிராம் குரக்கனில் நார் ஏறத்தாழ 11 கிராம் உண்டு. பிசையும் மாவிலேயே பொடியாக வெட்டிய லீக்ஸையும் துருவிய தேங்காயையும் சேர்ப்பது இன்னும் நல்லது: பெருங்குடல் பற்றீரியாக்கள் விரும்பி நொதிக்கச் செய்யும் பிரக்டான் என்னும் நார் லீக்ஸில் மிகுதி, தேங்காய்ப் பூவில் உள்ள நார் பாலைப் பிழிந்துவிட்டுச் சக்கையை எறியும்போது வீணாகிறது, சம்பலில் அப்படியே தங்குகிறது. மைசூர்ப் பருப்பைத் தண்ணீராகக் கரைக்காமல் கெட்டியாக ஆக்குவதும், கடலை, கௌபி, பயறு ஆகியவற்றை இரவு ஊறவைத்து நீரை வடித்துவிட்டு அவிப்பதும், வாரத்தில் சில நாட்கள் பலாக்காயோ ஈரப்பலாவோ சேர்ப்பதும் செலவு குறைந்த வழிகள்.

ஆற வைத்த சோற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அவித்த அரிசியும் உருளைக்கிழங்கும் ஆறும்போது அவற்றின் மாப்பொருளில் ஒரு பகுதி மீண்டும் இறுகி, சிறுகுடலில் செரிக்காத எதிர்ப்பு மாப்பொருளாக மாறுகிறது. இத்தகைய மாப்பொருளின் பயனைத் தமிழ்நாட்டு ஆய்வொன்றே உலகுக்கு எடுத்துக்காட்டியது: வேலூரில் பி. எஸ். ராமகிருஷ்ணா தலைமையில் நடந்து 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வில், வாந்திபேதி கண்ட 48 நோயாளருள் வழக்கமான உப்புச் சர்க்கரைக் கரைசலோடு எதிர்ப்பு மாப்பொருளும் பெற்றவர்களுக்கு வயிற்றோட்டம் விரைவில் நின்றது. பற்றீரியாக்கள் அதிலிருந்து உண்டாக்கிய கொழுப்பமிலங்கள் பெருங்குடலை உப்பையும் நீரையும் மீள உறிஞ்சச் செய்ததே காரணமாகக் கொள்ளப்பட்டது. பழஞ்சோற்றில் இந்த மாப்பொருளோடு புளிப்பேற்றும் நுண்ணுயிர்களும் சேர்கின்றன. நுவரெலியாக் குளிரில் சோறு மெதுவாகவே புளிக்கும் என்பதால் அடுப்படியில் மூடிவைப்பது வழக்கம். ஆக்கிய சோற்றைச் சூடு தணிந்ததும் காலந்தாழ்த்தாமல் சுத்தமான நீரூற்றி வைத்து, மறுநாள் காலையிலேயே உண்டுவிட வேண்டும், கெட்ட வாடை வீசினால் கொட்டிவிட வேண்டும்.

தயிர், மோர் போன்ற புளித்த உணவுகளைப் பற்றி 2021இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் வெளியிட்ட சிறிய ஆய்வொன்று எதிர்பாராத முடிவைத் தந்தது. 36 பேரை இரு குழுக்களாகப் பிரித்துப் பத்து வாரம் கவனித்ததில், புளித்த உணவை மிகுதியாக உண்டவர்களிடம் குடல் நுண்ணுயிர்களின் வகை பெருகி, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. நாரை மிகுதியாக உண்ட குழுவில் அத்தகைய சீரான குறைவு காணப்படவில்லை. நாரை உடைக்கவல்ல நுண்ணுயிர்கள் முன்னரே அழிந்துபோன குடலில் நாரை மட்டும் கொட்டுவது உடனே பயன்தராது போலும். எனவே இரண்டும் சேர்ந்தே வர வேண்டும். நாரும் ஒரே நாளில் அன்றி இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டப்பட வேண்டும், இல்லையேல் வயிறு ஊதி, நான்காம் நாளே பழைய ரொட்டிக்குத் திரும்பத் தோன்றும்.

குறைக்க வேண்டியவற்றுள் முதலில் வருவது கடையில் பொதியாக வாங்கப்படுவது: பிஸ்கட், உடனடி நூடுல்ஸ், சொசேஜ், சாயமிட்ட இனிப்புப் பானம். 21 நாடுகளில் 1,16,087 பேரைத் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளிவந்த ஆய்வில், இவ்வகைப் பண்டங்களை நாளுக்கு ஐந்து பரிமாறலோ அதற்கு மேலோ உண்டவர்களுக்கு, ஒன்றுக்கும் குறைவாக உண்டவர்களை விட நீடித்த குடல் அழற்சி வரும் வாய்ப்பு 1.82 மடங்காக இருந்தது. எண்ணெயும் நீரும் பிரியாமலிருக்கச் சேர்க்கப்படும் சில கூழ்மமாக்கிகள் எலிகளின் சளிப்படலத்தைச் சிதைப்பதாக 2015இலேயே காட்டப்பட்டது.

தேத்தண்ணியைப் பொறுத்தவரை, அதன் கசப்புப் பொருட்களில் பெரும்பகுதி பெருங்குடலை அடைந்து அங்குள்ள நுண்ணுயிர்களால் உடைக்கப்படுவதால், அதைக் குற்றவாளியாக்க வேண்டியதில்லை. சீனியும், உணவோடு சேர்த்துக் குடிக்கும் பழக்கமுமே சிக்கல். தேயிலைச் சாயம் உணவிலுள்ள இரும்புச்சத்தை உறிஞ்சவிடாமல் தடுக்க, எஞ்சிய இரும்பு பெருங்குடலுக்குப் போய்த் தீய வகைகளுக்கு உரமாகிறது. ஐவரி கோஸ்டில் இரும்பு சேர்த்த பிஸ்கட் உண்ட பள்ளிப் பிள்ளைகளின் மலத்தில் அவ்வகைப் பற்றீரியாக்களும் அழற்சிக் குறியீடும் கூடியதை 2010இல் வெளிவந்த ஆய்வு பதிவுசெய்தது. கிளினிக்கில் தரப்படும் இரும்பு மாத்திரையை இதற்காக நிறுத்தக் கூடாது. தேத்தண்ணிக்கு ஒரு மணி நேரமாவது தள்ளி, தேசிக்காய்ச் சாறோடு விழுங்கினால் உடலில் சேர்வது கூடும்.

நோய் உறுதியானவர்களுக்கு

மேலே சொன்னவை அனைத்தும் குடல் அமைதியாக இருக்கும் காலத்துக்கு உரியவை. புண்ணழற்சியோ குரோன் நோயோ மூண்டிருக்கும் வேளையில் குரக்கனும் கடலையும் பச்சைக் கீரையும் வலியைக் கூட்டும். குரோன் நோயால் குடல் ஓரிடத்தில் சுருங்கியிருந்தால் முரட்டு நார் அடைப்பையே உண்டாக்கலாம். அப்போது குழைந்த சோறு, மசித்த கரட், முட்டை, மீன், தயிர் என்று தணிந்து உண்டு, நோய் அடங்கிய பின் மருத்துவரின் சொற்படி நாரை மீளச் சேர்க்க வேண்டும். உணவாலேயே நோயை அடக்கும் முறையும் ஒன்று உண்டு: குரோன் நோய் கண்ட பிள்ளைகளுக்குச் சில வாரங்கள் திரவச் சத்துணவு மட்டுமே கொடுப்பது பல நாடுகளில் முதற் சிகிச்சையாக ஏற்கப்பட்டிருக்கிறது. அது மருத்துவர் கண்காணிப்பில் செய்யப்படுவது. வீட்டுப் பத்தியத்தோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மெசலசீன், சல்பசலசீன் போன்ற மருந்துகளை, சுகம் தெரிகிறது என்பதற்காகத் தாமாக நிறுத்துவோருக்கே நோய் பெரிதும் திரும்புகிறது.

கொழுந்துக் கூடையின் பாரத்தால் வரும் இடுப்புவலிக்கும் முழங்கால் வலிக்கும் டைக்ளோபெனக், இபுபுரோபென் மாத்திரைகளைக் கடையில் கேட்டு விழுங்கும் பழக்கம் இந்நோயாளருக்குத் தீங்கானது; அவை குடலின் உட்சுவரைப் புண்ணாக்கி, அடங்கிய அழற்சியை மூட்டக்கூடும். பரசிட்டமோல் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. மலையில் கழிப்பிடம் இல்லாததால் பகல் முழுவதும் உண்ணாமலும் நீர் குடியாமலும் இருந்து சமாளிக்கும் பெண்களின் நிலை, எந்த உணவு அட்டவணையாலும் தீர்க்கக்கூடியது அன்று. அது நிர்வாகத்திடம் கேட்டுப் பெற வேண்டிய உரிமை.

இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீளும் வயிற்றோட்டம், மலத்தோடு வரும் இரத்தம், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் மலவேகம், காரணமற்ற மெலிவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தோட்ட டிஸ்பென்சரியோடு நின்றுவிடாமல், நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். வெள்ளணுக்கள் குடலில் குவிந்திருப்பதைக் காட்டும் கல்புரொடெக்டின் என்னும் புரதத்தை மலத்தில் அளப்பதன் மூலம், வெறும் குடல் எரிச்சலையும் உண்மையான அழற்சியையும் பெரும்பாலும் பிரித்தறியலாம். உறுதிப்படுத்தக் குடல் உள்நோக்கிப் பரிசோதனை தேவைப்படும். போகுமுன் ஒரு கொப்பியில் பத்து நாள் குறிப்பு எழுதிக்கொண்டு போவது மருத்துவருக்குப் பெரிதும் உதவும்: நாளுக்கு எத்தனை முறை மலம் போனது, இரத்தம் இருந்ததா, இரவில் எழ நேர்ந்ததா, என்ன உண்டது, என்ன மாத்திரை விழுங்கியது, அந்த வாரம் பீலித் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடித்ததா என்பவை அதில் இருக்க வேண்டும்.